பட்டியலில் ஒரு வரி: கூடலூர் ஜென்ம நில வழக்கும் நீதிமன்ற அதிகாரத்தின் எல்லையும்

எதைப் பற்றிய ஆய்வு

நாடாளுமன்றம் அரசியலமைப்புச் சட்டத்தையே திருத்திவிட்ட பிறகு, அந்தத் திருத்தம் செல்லாது என்று அறிவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா, உண்டென்றால் அது எதுவரை செல்லும் என்ற கேள்வியைப் பெரும்பாலும் 1973-இன் கேசவானந்த பாரதி வழக்கோடு சேர்த்தே பேசுகிறோம். அந்த அதிகாரம் பிறந்த இடம் அதுதான். ஆனால் அது குறிப்பிட்ட ஒரு நிலத்தின்மீது எப்படிச் செலுத்தப்பட்டது, எந்த இடத்தில் நின்றுகொண்டது என்பதை அறிய, நீலகிரி மாவட்டம் கூடலூரின் ஜென்ம நிலங்களைப் பற்றிய வழக்கைத்தான் படிக்க வேண்டும். 1969-இல் இயற்றப்பட்ட ஒரு மாநிலச் சட்டம் 1972-இல் பகுதியளவில் வீழ்ந்தது. 1974-இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் மீண்டும் உயிர்பெற்றது. 2007-இல் மறுபடி கேள்விக்கு உள்ளாகி, 2010-இல் நிலைநிறுத்தப்பட்டது. வழக்காடியவர்கள் தனிமனிதர்கள் என்பதால் அவர்களுடைய பெயர்கள் இங்கே தரப்படவில்லை.

பின்னணி: மலையும் நிலமும்

கூடலூர் வட்டாரம் 1877 வரை மலபாரின் வயநாட்டுப் பகுதியாக இருந்தது. நீலகிரியோடு சேர்க்கப்பட்ட பிறகும் அதன் நில உரிமை முறை மலபாரின் ஜென்ம முறையாகவே, அதாவது பரம்பரை உடைமையாளரான ஜென்மியின் கையில் நிலம் இருக்கும் முறையாகவே, தொடர்ந்தது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பம் ஜென்மியாக இருக்க, அதனிடமிருந்து குத்தகைக்கு எடுத்த நிலத்தில் தேயிலை, காப்பித் தோட்டங்கள் எழுந்தன. பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகள் அதே நிலத்தில் எந்தப் பத்திரமும் இல்லாமல் வாழ்ந்துவந்தனர். கேரளத்திலிருந்து குடியேறியவர்களும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களும் பின்னர் வந்து சேர்ந்தனர். ஜென்ம நிலத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 80,000 ஏக்கர்.

ஜமீன் ஒழிப்பு ஏற்கெனவே நடந்து முடிந்திருந்த தமிழ்நாட்டில், இந்த ஒரு மூலையில் மட்டும் ஜென்மி முறை எஞ்சியிருந்தது. அதை முடிவுக்குக் கொண்டுவர, கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் 1969-இல் 24-ஆம் எண் சட்டமாக இயற்றப்பட்டது. அதன் 3-ஆம் பிரிவின்படி, காடுகள் உட்பட எஸ்டேட் முழுவதும் அரசைச் சேரும். சொந்தமாகப் பயிர் செய்தவர்கள், நிலவரித் திட்ட அலுவலர் முன் கோரிக்கையை மெய்ப்பித்து ரயத்துவாரிப் பட்டா, அதாவது அரசுக்கு நேரடியாக வரி செலுத்தி நிலத்தை வைத்திருக்கும் உரிமை, பெறலாம். குத்தகைத் தோட்டங்களை 17-ஆம் பிரிவு தனியாகக் கையாண்டது. பொதுநலன் கருதி அரசு அந்தக் குத்தகையை முடித்துக்கொள்ளலாம், இல்லையெனில் அதைத் தொடர விடலாம். அந்தப் பகுதியில் இன்றும் ஒரு நிலத்தைச் சுட்டும்போது ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்று சொல்வது வழக்கம். பட்டா உண்டா இல்லையா என்ற தீராத கேள்விக்கு அதுவே பெயராகிவிட்டது.

1972: காட்டுக்கு மட்டும் வீழ்ந்த பிரிவு

நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்கு அரசியலமைப்புச் சட்டம் இரண்டு கவசங்களைத் தந்திருந்தது. 1951-இன் முதலாவது திருத்தம் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தது. 31-ஏ பிரிவு, எஸ்டேட்டுகளை எடுத்துக்கொள்ளும் சட்டங்களைச் சில அடிப்படை உரிமைகளின் பிடியிலிருந்து விலக்கியது. 31-பி பிரிவு வேறு வகையானது. அது ஒன்பதாவது அட்டவணை என்ற பட்டியலைத் தோற்றுவித்து, அதில் இடம்பெறும் எந்தச் சட்டமும் அடிப்படை உரிமைகளுக்கு முரணானது என்ற காரணத்தால் செல்லாததாகாது என்றும், எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பும் அதற்குத் தடையாகாது என்றும் கூறியது. தொடக்கத்தில் பட்டியலில் 13 சட்டங்களே இருந்தன. இன்றைய எண்ணிக்கை 284.

கூடலூர்ச் சட்டத்தை எதிர்த்துத் தோட்ட நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் சென்றபோது, அந்தச் சட்டம் பட்டியலில் இல்லை. அரசு 31-ஏ பிரிவை மட்டுமே நம்பி நின்றது. 1972 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அளித்த தீர்ப்பு நுணுக்கமானது. ஜென்ம நிலம் எஸ்டேட் என்பதையும், அதை எடுத்துக்கொள்வது பொதுவாக வேளாண் சீர்திருத்தமே என்பதையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் 31-ஏ பாதுகாப்பு வேளாண் சீர்திருத்தத்துக்கு மட்டுமே உரியது என்பதையும், அரசுக்குச் சேரும் காடுகளை அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்துவதற்கான எந்த ஏற்பாடும் சட்டத்தில் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டி, காடுகளைப் பொறுத்தவரை மட்டும் 3-ஆம் பிரிவைச் செல்லாது என்றார்கள்.

இந்தத் தீர்ப்பு திருத்திக்கொள்ள வழிவிடும் தீர்ப்பு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். காடுகள் எதற்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன, அவற்றால் உழவருக்கோ ஊருக்கோ என்ன நன்மை என்பதைச் சட்டத்தில் எழுதியிருந்தால், குறையை நீக்க முயன்றதாகவாவது இருந்திருக்கும். அந்த வழி எடுக்கப்படவில்லை.

1973–74: ஏழும் ஆறும், பிறகு ஒரு வரி

அடுத்த ஆண்டு, 1973 ஏப்ரல் 24 அன்று, கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பளித்தார்கள். 368-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் அரசியலமைப்புச் சட்டத்தின் எந்தப் பகுதியையும் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்பது அதன் சாரம். விசாரணை 68 நாட்கள் நடந்தது, 11 தனித்தனித் தீர்ப்புகள் எழுதப்பட்டன. இறுதியில் பெரும்பான்மைக் கருத்தைத் தொகுத்த ஒரு சிறு அறிக்கையில் ஒன்பது பேர் கையெழுத்திட்டார்கள், நான்கு பேர் மறுத்தார்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் எந்த வரியிலும் ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்ற சொல் கிடையாது. நீதிமன்றம் தானே கண்டடைந்த வரம்பு அது. அதனாலேயே அதைச் செலுத்தும்போது தன் எல்லையையும் தானே வரைந்துகொள்ள வேண்டிய கடமை நீதிமன்றத்துக்கு உண்டு என்பது என் கருத்து. இந்த ஆய்வு முழுவதையும் அந்தக் கண்ணோட்டத்திலேயே எழுதுகிறேன்.

1974-இல் 34-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. பல மாநிலங்களின் நிலச் சட்டங்கள் இருபதை அது ஒன்பதாவது அட்டவணையில் 67 முதல் 86 வரையான இனங்களாக (பட்டியலின் வரிசை எண்களாக) சேர்த்தது. கூடலூர்ச் சட்டம் அவற்றுள் ஒன்று. காடுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் சுட்டிய குறை அப்படியே இருந்தது. பட்டியலில் சட்டத்தின் பெயரும் ஆண்டும் எண்ணும் கொண்ட ஒரு வரி மட்டும் கூடியது. அந்த ஒரு வரியால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பகுதி பிறந்த நாளிலிருந்தே செல்லுபடியானதாகக் கருதப்படும் நிலை உண்டானது. 1974 நவம்பர் 27 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது.

கேசவானந்த பாரதி தீர்ப்புக்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையை நீட்டிய முதல் திருத்தம் இதுவே. 66-ஆம் இனம்வரை ஒரு காலம், 67-இலிருந்து வேறொரு காலம் என்ற பிரிவு கூடலூரின் தலைவிதியை எழுதியது.

1976–1999: காத்திருந்த மேல்முறையீடு

நிலத்தை இழக்கும் நிலையில் இருந்த ஒருவரின் வழக்கு, 1976-ஆம் ஆண்டின் உரிமையியல் மேல்முறையீடாக உச்ச நீதிமன்றத்தில் எண்ணிடப்பட்டது. நீதிமன்றம் ரத்து செய்ததை, அதே நிலையில், அரசியலமைப்புத் திருத்தம் என்ற போர்வையில் மீண்டும் கொண்டுவர முடியுமா என்பதே அவருடைய கேள்வி.

அந்த மேல்முறையீடு நிலுவையில் இருந்த காலத்தில் சட்டம் வேகமாக வளர்ந்தது. 1975 நவம்பரில் கேசவானந்த பாரதி தீர்ப்பையே மறுபரிசீலனை செய்ய 13 நீதிபதிகள் கூடி, இரண்டு நாள் விசாரணைக்குப் பின் அந்த அமர்வு கலைக்கப்பட்டது. அதே மாதம், பிரதமரின் தேர்தலை நீதிமன்றத்துக்கு அப்பால் வைக்க முயன்ற 39-ஆவது திருத்தத்தின் ஒரு பகுதி ரத்தானது. எந்தத் திருத்தத்தையும் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று 42-ஆவது திருத்தம் எழுதிய வரிகள் 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் வீழ்ந்தன. 1981-இல் வாமன் ராவ் வழக்கு, 1973 ஏப்ரல் 24-ஐ எல்லைக் கோடாக வைத்தது. அந்த நாளுக்கு முன் அட்டவணையில் சேர்ந்தவை தப்பின, பின் சேர்ந்தவை அடிப்படைக் கட்டமைப்புச் சோதனைக்கு உட்பட்டன. சொத்துரிமையும் 1978-இன் 44-ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைகளிலிருந்து விலக்கப்பட்டது. மேல்முறையீடு எண்ணிடப்பட்டபோது சொத்துக்கு இருந்த அடிப்படை உரிமை, விசாரணைக்கு வந்தபோது இல்லை.

1999 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் இந்த வழக்கை எடுத்துக்கொண்டபோது ஒரு சிக்கலைக் கண்டார்கள். மேற்கு வங்கத்தின் 1979-ஆம் ஆண்டு நில வருவாய்ச் சட்டத்தின் ஒரு பிரிவையும் கொல்கத்தா உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்க, 66-ஆவது திருத்தம் அந்தச் சட்டம் முழுவதையும் அட்டவணையில் வைத்திருந்தது. இப்படி நீதிமன்றத் தீர்ப்பைத் தாண்டிச் செல்வது அடிப்படைக் கட்டமைப்பைத் தொடுகிறதா என்பதில் முந்தைய தீர்ப்புகள் ஒரே குரலில் பேசவில்லை என்று கருதி, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குக் கேள்வியை அனுப்பினார்கள்.

2007: எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

2007 ஜனவரி 11 அன்று தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையிலான ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்கின் தலைப்பில் மேல்முறையீட்டாளரின் பெயருக்கு அருகே, அவர் இறந்துவிட்டார் என்றும் சட்டபூர்வ வாரிசுகள் வழக்கை நடத்துகிறார்கள் என்றும் அடைப்புக்குறிக்குள் எழுதப்பட்டிருக்கிறது. மேலே இருப்பது 1976-ஆம் ஆண்டின் எண். அந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்க்கும்போது, கேள்வி கேட்டவர் போய்விட்ட பிறகே கேள்வி விசாரிக்கப்பட்டது என்ற உண்மை நெஞ்சில் தைக்கிறது.

அரசுத் தரப்பின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. 31-பி பிரிவு 1951-இலிருந்து நிற்கிறது. கேசவானந்த பாரதி வழக்கிலேயே, கேரள நிலச் சட்டங்களை அட்டவணையில் சேர்த்த 29-ஆவது திருத்தத்தைத் தீர்மானகரமான ஏழாவது நீதிபதியான எச்.ஆர். கன்னா நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்டார். அப்படியானால் அட்டவணைச் சட்டங்களை அடிப்படை உரிமைகளோடு ஒப்பிடும் வேலையே நீதிமன்றத்துக்கு இல்லை என்றது அரசு. இதற்கு நீதிமன்றம், அடிப்படை உரிமைகள் அடிப்படைக் கட்டமைப்பில் அடங்காதவை என்று தாம் சொல்லவில்லை என்று கன்னாவே 1975-இன் தேர்தல் வழக்குத் தீர்ப்பில் தெளிவுபடுத்தியதை எடுத்துக்காட்டியது.

முடிவின் மையக் காரணம் வேறு. அட்டவணையில் ஒரு சட்டத்தைச் சேர்ப்பது அரசியலமைப்புத் திருத்தமே என்றாலும், அடிப்படை உரிமைகள் முழுவதிலிருந்தும் ஒரு சட்டத்துக்கு விலக்களிக்கும்போது எந்த அளவுகோலும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. எத்தனை சட்டங்களைச் சேர்க்கலாம், எந்தத் துறையில் சேர்க்கலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. நிலச் சீர்திருத்தத்துக்காகப் பிறந்த பட்டியலில் காலப்போக்கில் நிலத்தோடு தொடர்பே இல்லாத சட்டங்களும் ஏறிக்கொண்டன. இந்தக் கட்டற்ற விலக்கு, சட்டங்களை நீதிமன்றம் சோதிக்கும் நீதிமுறை மறுஆய்வை இல்லாமல் ஆக்கிவிடும் என்பதால், 1973 ஏப்ரல் 24 முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட ஒவ்வொன்றையும் சோதிக்கலாம் என்று அமர்வு கூறியது. அந்தச் சட்டம் அரசியலமைப்பின் 14 (சமத்துவம்), 19 (சுதந்திரங்கள்), 21 (வாழ்வுரிமை) ஆகிய பிரிவுகளின் சாரத்தில் ஏற்படுத்தும் நேரடி விளைவு என்ன என்று பார்ப்பதே சோதனை.

தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பைப் பலரும் கூடலூருக்காகப் படிக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இன் 76-ஆவது திருத்தத்தால் 257-ஏ இனமாக அதே அட்டவணையில் இருக்கிறது. எல்லைக் கோட்டுக்குப் பின் வந்த சட்டம் என்பதால் அதுவும் சோதனைக்குரியதாகிவிடுமே என்ற கவலை அன்று பேச்சின் மையமாக இருந்தது. அது நியாயமான கவலைதான். ஆயினும் அட்டவணைக்குள் சோதனை நுழைந்துவிட்டது என்பதற்கும் சட்டம் வீழ்ந்துவிட்டது என்பதற்கும் இடையே பெரிய தொலைவு இருக்கிறது என்பதைக் கூடலூர் வழக்கின் முடிவே காட்டியது.

நீதிமன்றம் தனக்குப் போட்டுக்கொண்ட வேலி

அதிகாரத்தை உறுதிசெய்த அதே தீர்ப்பு அதற்கு எல்லைகளையும் வகுத்தது. இந்தப் பகுதிதான் போதிய கவனத்தைப் பெறவில்லை. 31-பி பிரிவு அப்படியே நின்றது. எல்லைக் கோட்டுக்கு முந்தைய 66 இனங்கள் தொடப்படவில்லை. 22 ஆண்டுகளாக அவற்றை நம்பிக் கைமாறிய நிலங்களையும் குடியமர்ந்த குடும்பங்களையும் கலைக்கக் கூடாது என்பது அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் நியாயம், அதை நான் ஏற்கிறேன். ஏற்கெனவே நீதிமன்றத்தால் செல்லும் என்று உறுதிசெய்யப்பட்ட அட்டவணைச் சட்டத்தைப் புதிய சோதனையின் பெயரால் மறுபடி கிளற முடியாது. முடிந்துபோன நடவடிக்கைகளும் பரிமாற்றங்களும் அப்படியே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனை இரண்டு படிகளைக் கொண்டது. அடிப்படை உரிமை ஒன்று மீறப்பட்டது என்று மெய்ப்பிப்பது முதல் படி மட்டுமே. அந்த மீறல் அடிப்படைக் கட்டமைப்பையே குலைக்கிறது என்றும் மெய்ப்பித்தால்தான் திருத்தம் வீழும்.

இவ்வளவையும் சொன்ன அமர்வு, கூடலூர்ச் சட்டம் அந்தச் சோதனையில் தேறுகிறதா என்பதைத் தானே பார்க்கவில்லை. கொள்கையை வகுத்துவிட்டு, மனுக்களை மூன்று நீதிபதிகளுக்குத் திருப்பி அனுப்பியது.

2010: கவசம் நின்றது

2010 செப்டம்பரில், வேறொரு தோட்ட நிறுவனத்தின் பெயரில் அமைந்த தீர்ப்பில், தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் 34-ஆவது திருத்தத்தையும் கூடலூர்ச் சட்டத்தையும் நிலைநிறுத்தினார்கள். 2007 அமர்விலும் கபாடியா இருந்தார். 14-ஆவது பிரிவின் ஒவ்வொரு மீறலும் அடிப்படைக் கட்டமைப்பின் மீறல் ஆகிவிடாது என்பது இந்தத் தீர்ப்பின் அடிநாதம். சமத்துவம், சட்டத்தின் ஆட்சி போன்ற, அரசியலமைப்புச் சட்டத்துக்கே அடையாளம் தரும் மேலான நெறிகளைக் குலைக்கும் மீறலாக இருந்தால் மட்டுமே திருத்தம் வீழும் என்று அது கூறியது. காடுகள் நாட்டின் சொத்து, வருங்காலத் தலைமுறைக்கும் அவற்றில் உரிமை உண்டு, எனவே அவை அரசைச் சேர்வது அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கவில்லை என்பது அதன் முடிவு.

1972-இல் காடுகளைப் பற்றிய பகுதி வீழ்ந்ததற்குக் காரணம், அவை வேளாண் சீர்திருத்தத்துக்குப் பயன்படவில்லை என்பது. 2010-இல் அதே பகுதி நின்றதற்குக் காரணம், காடுகளைக் காப்பதே பொதுநலன் என்பது. 1969-இல் சட்டம் இயற்றியவர்கள் சொல்லாத நியாயம் ஒன்று நாற்பது ஆண்டுகள் கழித்து அதைக் காப்பாற்றியது. காட்டைக் காத்தது சரியான விளைவு என்றே நான் நம்புகிறேன். ஆனால் 2007-இன் சோதனை உரிமையின் சாரத்தைப் பார்க்கச் சொன்னது, 2010-இன் சோதனை அதைவிட உயரமான ஒரு தளத்தில் நின்று பார்த்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வெளிப்படையாகப் பேசப்படவில்லை. 2007-ஐ மட்டும் படித்துவிட்டு வழக்குக்குத் தயாராகும் வழக்கறிஞர், நீதிமன்றத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதைத் தவறாகக் கணக்கிடுவார்.

மாற்றியிருக்க வேண்டியவை

முதலாவது, 1972-க்கும் 1974-க்கும் இடையே நடந்தது. நீதிமன்றம் காரணம் சொல்லி ஒரு பகுதியை ரத்து செய்தபோது, அந்தக் காரணத்துக்குப் பதில் எழுதும் திருத்தத்தைச் சட்டமன்றம் கொண்டுவந்திருக்கலாம். அட்டவணையில் சேர்ப்பதுதான் வழி என்று கருதியிருந்தாலும், இருபது சட்டங்களை ஒரே கட்டாகச் சேர்க்காமல், ஒவ்வொன்றுக்கும் ஏன் விலக்குத் தேவைப்படுகிறது என்பதை நாடாளுமன்றம் பதிவுசெய்திருக்கலாம். அப்படி ஒரு பதிவு இருந்திருந்தால் 2010-இல் நீதிபதிகள் சட்டத்துக்காகத் தாங்களே நியாயம் தேட வேண்டியிருந்திருக்காது.

இரண்டாவது, கேள்வியையும் நிலத்தையும் பிரித்தது. அதிகாரம் உண்டா என்பதை ஒன்பது பேர் தீர்மானிக்க, அது இங்கே பொருந்துமா என்பதை வேறு மூவர் மூன்றரை ஆண்டுகள் கழித்துத் தீர்மானித்தார்கள். கூடலூர்ச் சட்டத்தின் 3-ஆம் பிரிவை மேசையில் வைத்துக்கொண்டே ஒன்பது நீதிபதிகளும் சோதனையை வகுத்திருந்தால், சோதனையின் உயரம் அன்றே தெரிந்திருக்கும். அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் மிகக் கனமானது. கண்முன் இருக்கும் ஒரு வழக்கின் உண்மைகளோடு சேர்த்துச் சொல்லும்போதுதான் அதன் எல்லை சொல்பவருக்கும் கேட்பவருக்கும் புலப்படும்.

மூன்றாவது காலம். சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அதன் செல்லுந்தன்மை முடிவாவதற்கு 36 ஆண்டுகள் ஆயின. இந்த இடைவெளியில், வழக்கில் கட்சிக்காரராக இல்லாத ஆயிரக்கணக்கான சிறு குடியானவர்கள் ஜென்ம நிலத்தில் வீடு கட்டி, தேயிலையும் மிளகும் பயிரிட்டு, பட்டா இல்லாமலே பிள்ளைகளை வளர்த்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகள் அரசியலமைப்புக் கேள்வியோடு சம்பந்தப்பட்டவை அல்ல, நிலவரித் திட்ட அலுவலரின் கோப்புகளைச் சார்ந்தவை. பெரிய கேள்வி நிலுவையில் இருப்பதைக் காரணம் காட்டி அந்தக் கோப்புகளை நிறுத்திவைக்காமல், காடு எது, தோட்டம் எது, குடியிருப்பு எது என்ற அளவையையும் பட்டா விசாரணையையும் தனித்தடத்தில் முடித்திருக்க முடியும். அதற்கு எந்த அரசியல் சாசன அமர்வின் அனுமதியும் தேவைப்பட்டிருக்காது.